அப்பாவின் விரல் எழும் வரை

தம்பி,

இதைப் போனில் சொல்லத்தான் நினைத்தேன். போன வாரம் நீ பேசியபோது தொடங்கவும் செய்தேன். "சொல்லும்மா, சொல்லும்மா" என்று நீ அவசரப்படுத்தியதிலேயே அங்கே உன்னை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. ஒன்றுமில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். நானே எழுத உட்கார்ந்தால் பாதியில் மனம் மாறி அடுப்படிக்குப் போய்விடுவேன் என்பதால், நான் சொல்லச் சொல்லக் கயல் எழுதுகிறாள். பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து உன் தங்கைக்கு எல்லாமே ஒழுங்காக இருக்க வேண்டும். நான் பேசுகிறபடியே எழுதினால் கடிதம் மாதிரி இருக்காதாம், புத்தகத் தமிழில்தான் எழுதுவாளாம். "அர்த்தத்த மாத்த மாட்டேம்மா, சத்தியமா" என்றாள். பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். நான் கொடியில் காய்ந்த துணியை உதறி மடித்துக்கொண்டே பேசுகிறேன். இந்தப் பக்கம் காற்று திரும்பினால் வெள்ளைத் துணியெல்லாம் கரித்தூள்தான், உனக்குத் தெரியாததா.

உன் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி நாம் பேசி முடித்துவிட்ட ஒன்றை மறுபடி பேச வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் நீ அப்பாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அந்தக் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போன பிறகு வந்த முதல் பொங்கலுக்கு நீ பெங்களூரிலிருந்து வந்திருந்தாய். வீட்டில் கரும்பு வெட்டக்கூட ஒருவருக்கும் மனம் வரவில்லை. நீ மட்டும் முன் அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. என்னடா செய்கிறாய் என்று கேட்டபோது, "அப்பாவால ரெண்டு கீயைச் சேத்து அழுத்த முடியாதும்மா. ஒத்தைக் கைதானே. அதனால ஒண்ணு அழுத்தி விட்டுட்டு, அப்புறம் இன்னொண்ணு அழுத்தற மாதிரி பண்றேன். படி ஏறற மாதிரி" என்றாய். கயலின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை வாங்கிக் கீபோர்டில் ஒட்டினாய். முதலில் எப்போதும் சிவப்புப் பொட்டு. சிவப்புக்குப் பிறகு பச்சையை அழுத்தினால் "ஆமா." சிவப்புக்குப் பிறகு மஞ்சள் என்றால் "வேணாம்." நீலம் என்றால் எழுத்து எழுத்தாக அடிக்க ஒரு பக்கம் திறக்கும். எல்லாவற்றுக்கும் உன் குரலையே பதிந்து வைத்தாய். அடிக்கடி தேவைப்படுவது சுலபமாக இருக்க வேண்டும் என்று, சிவப்பையே இரண்டு முறை அழுத்தினால் "தண்ணி வேணும்" என்று கேட்கும்படி வைத்தாய்.

கம்ப்யூட்டர் எந்நேரமும் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்குமா என்று கேட்டேன். நீ சிரித்தாய். அப்பாவின் வேலையை வைத்தே எனக்கு விளக்கினாய். நிலக்கரி மைன்ஸில் எலக்ட்ரீஷியனாக இருந்தபோது அப்பா கரி ஏற்றிப் போகிற பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றதில்லை. பெல்ட் நின்றால் ஆள் அனுப்புங்கள் என்று கன்ட்ரோல் ரூமில் சொல்லி வைத்துவிட்டு வந்துவிடுவார். அங்கே பெல்ட் நின்றால் இங்கே நம் குவார்ட்டர்ஸ் வாசலில் ஜீப் வந்து நிற்கும். ஸ்கிரிப்டும் அப்படித்தான் என்றாய். இன்ன விசை அழுந்தினால் என்னைக் கூப்பிடு என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு அது சும்மா இருக்கும். கூப்பிட்டதும் எழுந்து வந்து தன் வேலையைச் செய்யும். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா சிரித்தார். கூடவே அழுதார். அந்த நோய் வந்ததிலிருந்து அவருக்குச் சிரிப்பும் அழுகையும் அவர் சொல்படி கேட்பதில்லை. தலையும் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும். அதனால் எது ஆமாம், எது இல்லை என்று நம்மால் கண்டுபிடிக்க முடியாமல் இருந்தது. உன் ஸ்கிரிப்ட் அதற்குத்தான். அந்தப் பொங்கலன்று எனக்கு உன்மேல் எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். இதற்குப் பிறகு வருவதைப் படிக்கும்போது அதை மறந்துவிடாதே.

நீ சிவப்பு, பச்சை என்று தட்டிக் காட்டியபோது எல்லாம் சரியாக வந்தது. அப்பாவின் கையை எடுத்து வைத்தபோது "தண்ணி வேணும்" என்றது. கொடுத்தோம். சாப்பிட்டீர்களா என்று கேட்டாய். "தண்ணி வேணும்." நான் யார் தெரிகிறதா என்று கேட்டாய். "தண்ணி வேணும்." நீ ஊருக்குப் போன பிறகும் அதேதான். காலையில் தண்ணீர், நான் அடுப்பில் இருக்கும்போது தண்ணீர், கயல் பள்ளிக்கூடம் கிளம்பும்போது தண்ணீர். உன் குரலில் கேட்பதால் கொடுக்காமல் இருக்கவும் மனம் வராது. டம்ளரை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். கேட்டுவிட்டு வேண்டாம் என்கிறாரே என்று நான் கடிந்துகொண்டிருக்கிறேன். சில நாள் கட்டாயமாகப் புகட்டியும் இருக்கிறேன். ராத்திரி படுக்கை நனையும். அதற்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது.

அடுத்தது வைகாசியில் நடந்தது. உனக்கு நினைவிருக்கும். பெண் வீட்டார் பண்ருட்டியில் மண்டபம் பார்த்துவிட்ட செய்தியோடு நீ வந்திருந்தாய். கம்மாபுரத்திலிருந்து பெரியப்பாவும் வந்திருந்தார். அப்பா தன் நாற்காலியில், கம்ப்யூட்டரின் முன்னால்தான் இருந்தார். தாலி கட்டுவதற்கு முன்னால் நீ தாய் தகப்பனுக்குப் பாதபூஜை செய்ய வேண்டும், அதற்கு யார் உட்காருவது என்று பேச்சு வந்தது.

"அவன் அங்க வந்து ஒக்காந்துகினு திடீர்னு சிரிச்சான்னா இன்னா பண்றது?" என்றார் பெரியப்பா. "பக்கத்து பிளாக்குல எழவு வூட்ல சிரிச்சத மறந்துட்டியா? சம்பந்தி வூட்டுக்காரங்க பாத்துகினு இருப்பாங்கப்பா."

"அவருக்கு ஒண்ணும் புரியல பெரியப்பா. எது கேட்டாலும் தண்ணிங்கறார்" என்றாய் நீ. "நீங்களும் பெரியம்மாவும் உக்காந்துருங்க. சரிதானேம்மா?"

பெரியப்பா உட்கார்ந்தால் அவர் பக்கத்தில் பெரியம்மாதான் உட்கார முடியும். நான் கூட்டத்தில் நிற்பேன். அது எனக்கு அப்போதே தெரிந்தது. "உன் இஷ்டம் தம்பி" என்றேன். அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர், "தண்ணி வேணும்" என்றது. "பாத்தியா!" என்று பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். நீயும் சிரித்தாய். நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் விழுங்கவில்லை. கடைவாய் வழியாக வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது.

இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கயல் தன் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் பாடத்துக்காக அதே கம்ப்யூட்டரில் எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். காப்பி குடிக்க உள்ளே வந்த நேரத்தில் அப்பா தன் இடது கையைத் தூக்கிக் கீபோர்டில் வைத்திருக்கிறார். இவள் திரும்பிப் போய்ப் பார்த்தால், ஒரே எழுத்து வரி வரியாகத் திரை முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஐயோ என்று அழித்திருப்பார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன். இவள் திரையைப் பார்க்காமல் அவர் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். விரல் எழவே இல்லை. அழுத்தத் தெரிகிறது, எடுக்க முடியவில்லை. கனமான பொருளைத் தூக்குவது மாதிரி மெதுவாகத்தான் எழுந்திருக்கிறது.

"அம்மா! அப்பா ஒரு தடவதான்மா அழுத்தறாங்க" என்று அடுப்படிக்கு ஓடி வந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள். "கீ அழுந்துச்சுன்னா கூப்பிடுன்னு அண்ணன் எழுதிருக்கான். விரல் அங்கயே இருந்துச்சுன்னா கம்ப்யூட்டர் விடாம அழுந்துச்சு, அழுந்துச்சுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்மா. அப்பா சிவப்ப ஒரு தடவ அழுத்தி, அடுத்து பச்சைக்குப் போலாம்னு நெனப்பாங்க. விரல் எழும்பறதுக்குள்ள அது ரெண்டாவது சிவப்புன்னு எடுத்துக்கும். அப்ப என்ன வரும்? சொல்லு."

ஆமாம் என்று சொல்லத் தொடங்கினாலும் தண்ணீர். வேண்டாம் என்று தொடங்கினாலும் தண்ணீர். என்ன தொடங்கினாலும் தண்ணீர்.

இங்கே கயல் பேனாவை நிறுத்திவிட்டாள். "அண்ணன் தப்புன்னு எழுதாதம்மா. அவன் கையில சரியாதான் வந்துச்சு" என்கிறாள். நானும் அப்படிச் சொல்லவில்லை தம்பி. நீ உன் விரலால் தட்டிப் பார்த்தாய். இளைய விரல், பட்டதும் எழுந்துவிட்டது. உன் ஸ்கிரிப்டை அப்படியே ஒரு பிரதி எடுத்து உன் பெயரிலேயே பத்திரமாக வைத்துவிட்டுத்தான் அவள் அதில் கை வைத்தாள். இப்போது விசை அழுந்தும்போது அது எழுந்து வருவதில்லை. விரலை எடுத்த பிறகுதான் வருகிறது. முதல் படி முடிந்தது என்று அப்பாவுக்குத் தெரிய ஒரு சின்ன மணிச் சத்தம். இரண்டாவது படிக்கு நீ கொஞ்ச நேரம்தான் கொடுத்திருந்தாயாம். அந்தக் கெடுவை எடுத்துவிட்டாள். எத்தனை நேரமானாலும் முதல் பொட்டை மறக்காமல் நிற்கிறது. தவறாக அழுத்திவிட்டால் கைவிட, ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருக்கிறாள். நாள் முழுக்க இதற்கே போய்விட்டது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு அப்பாவின் கையை எடுத்து வைத்து, "அப்பா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

விரல் சிவப்பில் இறங்கியது. அப்படியே இருந்தது. மெல்ல எழுந்தது. மணி அடித்தது. கை கீபோர்டின் குறுக்கே நகர்ந்து போக எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரசம் பொங்கி அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது, நான் போகவில்லை. உன் குரல், "வேணாம்" என்றது.

இத்தனை மாதமும் ஒரு மனிதர் என் எதிரில் உட்கார்ந்து என்னிடம் பேச முயன்றிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் அவர் வாயில் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் சின்னச் சின்னதாகத்தான் கேட்டோம். மின்விசிறி வேண்டுமா, முதுகு அரிக்கிறதா, கயல் பாட்டு வைக்கவா. எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. பெரிதாக எதையும் கேட்க எனக்குப் பயம். கடைசியில் நான் கேட்காமலே அவர் நீலப் பொட்டுக்குப் போனார். தமிழை ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றாக அடித்தார். அவர் வேலையில் இருந்தபோது எனக்கு மெசேஜ் அனுப்புவாரே, அதே மாதிரி. முதலில் வந்தது, "காதில் விழுந்தது." எது என்று கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"கல்யாணப் பேச்சா?" என்றேன்.

"ஆமா" என்றது உன் குரல்.

"தம்பிக்குத் தெரியாதுங்க. உங்களுக்குப் புரியலன்னு நெனச்சிட்டான். நாங்க எல்லாருமே அப்படித்தான் நெனச்சோம்" என்றேன். அவர் முகம் கோணி அழுகை வந்தது. அது அழுகைதானா, அந்த நோய்தானா என்று இப்போதும் எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. துடைத்துவிட்டேன். மறுபடி அடித்தார். அடித்து முடிக்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. "மண்டபத்தில் சிரித்துவிடுவேன். வேண்டாம்" என்று இருந்தது. பெரியப்பா சொன்னதைத்தான் தம்பி அவரும் சொன்னார். நாம் எடுத்த முடிவேதான். அத்துடன் விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. கீழே இன்னொரு வரி அடித்தார். "அவன் என்னைக் கேட்கட்டும்."

"கேட்டா வேணாம்னுதானே சொல்லப் போறீங்க?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குங்க கேக்கணும்?"

இதற்குப் பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. கையை மடியில் இறக்கிவிட்டார். நானும் கயலும் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு கையைத் தூக்கி ஒரே ஒரு சொல் அடித்தார். "கேட்கணும்."

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். உன்னை எதையாவது கேட்டுச் செய்தவரா உன் அப்பா? பத்தாவது முடித்துவிட்டு நீ பயாலஜி எடுக்க வேண்டும் என்று என்னிடம் வந்து சொன்னாய். நீயே அப்பாவிடம் சொல்லு என்றேன். நீ வாயைத் திறப்பதற்குள் அவர் கம்ப்யூட்டர் குரூப்பில் உன்னைச் சேர்த்துவிட்டு வந்து, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நீ சோறு தின்னவில்லை. பாத்ரூமில் நீ குளிக்கும்போது கதவைத் தட்டுவார், சாப்பிடும்போது கிளம்பு என்பார், நீ கணக்குப் போடும்போது விடையை அவரே சொல்லிவிடுவார். பெல்ட் நின்றால் நிமிஷத்துக்கு நிமிஷம் மேலே இருந்து போன் வருகிற வேலை அது, அந்த அவசரம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. உனக்கும் வந்திருக்கிறது. என்னைக் கேட்காதவர் தன்னைக் கேட்கச் சொல்கிறாரே என்று நீ கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அதை அவரிடமே சொல்லு. அவரால் இப்போது பதில் சொல்ல முடியும். அந்தப் பதில் எப்படி இருந்தாலும், புரியாதவர் என்று நினைத்து ஒருவரை மன்னிப்பதைவிட, புரிகிறவர் என்று தெரிந்து சண்டை போடுவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குத் தாய் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இந்த மாதத்தில் தெரிந்துகொண்டதுதான். உன் வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் ஒன்றைக் கேட்டால், அவள் சொல்லி முடித்துவிட்டாளா என்று பார்த்துக்கொள். முதல் சொல்லிலேயே மீதி என்னவென்று உனக்குத் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடுவதுதான் அன்பு என்று நினைத்திருந்தேன். இன்னொன்று. நான் அன்று, "உன் இஷ்டம்" என்றேன் அல்லவா. அது என் இஷ்டம் இல்லை. நீ என் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நானும் வாயைத் திறந்திருக்க வேண்டும். கையும் வாயும் நன்றாக இருக்கிற நானே சொல்லாமல் விட்டேன் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெரியப்பாவிடம் நான் பேசிவிட்டேன். "அவனுக்குப் புரியுதா? நெஜமாவா?" என்று கேட்டவர், "அப்ப நான் சொன்னதெல்லாம் கேட்டுகினுதான் இருந்தானா" என்றார். அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. பட்டு வேட்டி எடுத்து வைத்துவிட்டாராம், அதை என்ன செய்வதென்று பெரியம்மா போனில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

நீ ஒரு சனிக்கிழமை வா. போனில் கேட்காதே. போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைக்கச் சொல்லாதே. அவர் கை போய்ச் சேருவதற்குள், லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து நீ "ஹலோ, ஹலோ" என்பாய். நேரில் வந்து அவர் எதிரில் உட்கார்ந்து, அப்பா, என் கல்யாணத்துக்கு வருவீர்களா, பாதபூஜைக்கு உட்காருவீர்களா என்று கேள். வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னால் அவரை வற்புறுத்தாதே. அன்று நான் அவருடன் வீட்டில் இருந்துவிடுகிறேன். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் நல்லபடியாகப் பூஜை செய். கயலை அனுப்புகிறேன், உன் பக்கத்தில் நிற்பாள். இதைக் கோபத்தில் சொல்லவில்லை. அவரை ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு மண்டபத்தில் நிற்க என்னால் முடியாது, அவ்வளவுதான். ஒருவேளை நீ கேட்கும்போது அவர் வேறு மாதிரி சொன்னால் என்ன செய்வது என்பதை நீதான் யோசிக்க வேண்டும். மண்டபத்தில் எல்லார் முன்னாலும் அவர் சிரித்துவிடலாம், அது நிஜம். அந்தச் சிரிப்போடு அவரைக் கூட்டிப்போக உனக்கு மனம் இருந்தால் மட்டும் கேள். இல்லாவிட்டால் கேட்காமலே இரு.

கடிதம் எழுதுகிற விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்று காலை பல் துலக்கிவிட்டு நாற்காலியில் உட்கார வைத்ததும் நீலப் பொட்டுக்குப் போய், "எப்ப வரான்" என்று அடித்தார். லீவு கிடைக்கவில்லையாம் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். நீ வராமல் போனால் அவர் உன்னை எதிர்பார்த்துக்கொண்டே இருந்ததாக ஆகிவிடக்கூடாது.

அம்மா